சைக்கிள் வீரர் ஜீனோ பார்த்தாலி



ஆகஸ்டு மாதக் கடைசி வந்துவிட்டால், காவிச் சட்டை தரித்த வாலிபர்கள் கூட்டங் கூட்டமாய்ச் சைக்கிளில் வேளாங்கண்ணிக்குப் போவதை நம் பக்கத்து ரோடுகளில் காண்கிறோம். ஹாண்டில்பாரில் ஒரு சின்னக் கொடி, கேரியரில் ஒரு போர்வை, பையில் ஜெபமாலையும் பஞ்சர் ஒட்டும் சாமானும். ஒருவனுடைய டயரில் முள் குத்தினால் பத்துப் பேரும் புளியமரத்தடியில் நின்றுவிடுவார்கள். காற்று அடித்து முடிந்த பிறகுதான் எல்லோரும் புறப்படுவது. இந்த வழக்கத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சைக்கிளில் சேர்ந்து போகிறவர்களுக்குள் தானாகவே உண்டாகிற சிநேகம் அது.

இத்தாலி தேசத்தில் சைக்கிள் விடுவதையே ஜீவனமாகக் கொண்டிருந்த ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்லப் புகுகிறோம். இத்தாலி நமக்கு அந்நியமான தேசமல்ல. நம் விருத்தாசலத்துக்கு அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் அங்கே பிறந்தவர்தானே. அவர் பிறந்தது வட இத்தாலியில். நாம் சொல்லப்போகிறவர் பிறந்தது சற்றுத் தெற்கே, புளோரென்ஸ் பட்டணத்தின் ஓரத்திலுள்ள பொந்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில். பிறந்த நாள் 1914-ம் வருஷம் ஜூலை மாதம் 18-ந் தேதி. பெயர் ஜீனோ பார்த்தாலி.

தகப்பனார் தொரெல்லோ அன்றாடக் கூலிக்காரர். தமக்கைமார் இருவர், ஜூலியோ என்று ஒரு தம்பி. இப்படிப்பட்ட வீட்டில் சைக்கிள் என்பது விளையாட்டுச் சாமானல்ல. பள்ளிக்கூடம் போக வேண்டுமானாலும், வேலைக்குப் போக வேண்டுமானாலும் அதுவே கதி. நம் ஊரில் பீங்கான் சூளைகளுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்த அருமை தெரியும். ஜீனோ சிறுவனாயிருக்கும்போதே ஊரில் காசமொந்தி என்பவருடைய சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். செயின் கழற்றுவது, ரிம் கோணல் எடுப்பது, போல்ட் முறுக்குவது எல்லாம் கைவந்தன. கடை முதலாளி பந்தயக்காரர்களோடு பழகுகிறவர். அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் பாதையில் சைக்கிள் விட்டபோது, பையன் பெரியவர்களுக்குப் பின்வாங்காமல் மேடு ஏறுவதைக் கண்டு அவர் அதிசயித்தார். 17-வது வயதில் பந்தயங்களில் இறங்கி, 1935-ல் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். அந்த வருஷமே இத்தாலிய சாம்பியன் பட்டம் கிடைத்தது.

அக்காலத்துப் பந்தயச் சைக்கிளைப் பற்றி வாலிபர்களுக்காக ஒரு வார்த்தை. இப்போது கியர் மாற்ற விரல் நுனி போதும். பார்த்தாலியின் நடுவயதில் வழக்கிலிருந்த கியருக்கோ பின்சக்கரத்தின் பக்கமாக இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. ஓடுகிற சைக்கிளிலேயே கையைப் பின்னால் விட்டு ஒன்றைத் திருப்பிச் சக்கரத்தைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்புறமாய் மிதித்துக்கொண்டே மற்றொன்றால் செயினைத் தள்ள வேண்டும். மறுபடியும் சக்கரத்தை இறுக்க வேண்டும். மலைச் சரிவில், மழையில், விறைத்துப்போன கையால் இதையெல்லாம் செய்தார்கள். அவர்கள் தார் ரோட்டையும் அதிகம் கண்டவர்களல்ல. மலைகளில் பெரும்பாலும் கப்பி ரோடுதான்.

1936-ல், தமது 21-வது வயதில், இத்தாலியைச் சுற்றி வருகிற ஜீரோ என்னும் பெரும் பந்தயத்தை வென்றார். ஜூன் மாதம் முதல் வாரத்தில் அது முடிந்தது. வீட்டில் சந்தோஷம் அடங்குமுன்னே இடி விழுந்தது. தம்பி ஜூலியோவும் பந்தயக்காரன். அதே மாதத்தில் நடந்த ஒரு பந்தயத்தில், பாதையில் குறுக்கே வந்த மோட்டார் காரில் மோதி உயிர் விட்டான். தம்பிக்குச் சைக்கிள் ஆசையை மூட்டியது தாம்தானே என்கிற நினைப்பு ஜீனோவை வாட்டியது. இனிப் பந்தயமே வேண்டாம் என்று ஒதுங்கினார். வெகு நாள் சென்ற பின்புதான் மறுபடியும் சைக்கிளில் ஏறினார்.

சிறு வயது முதலே கத்தோலிக்க வாலிபர் சங்கத்தில் இருந்த அவர், இந்தத் துக்கத்துக்குப் பின் ஞான காரியங்களில் இன்னும் ஆழ்ந்தார். பொதுநிலையினருக்கான கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாள் மேல் அவருக்குத் தனிப் பக்தி. பந்தய நாளிலும் பூசை காண்பதைத் தவறவிடாதவர் என்று பெயர் எடுத்தார். பத்திரிகைக்காரர்கள் அவருக்குப் பக்திமான் ஜீனோ என்று பட்டம் கட்டினார்கள். சிலர் மரியாதையாகவும் சிலர் பரிகாசமாகவும் அதைச் சொன்னார்கள். அவர் இரண்டையும் லட்சியம் செய்யவில்லை.

பிரான்சு தேசத்தைச் சுற்றி வருகிற தூர் என்னும் பந்தயமே உலகத்தில் தலையானது. அக்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம், நாளொன்றுக்கு ஒரு ஊரிலிருந்து மற்றொரு ஊருக்கு. எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, குறைவாக நேரம் எடுத்தவன் மஞ்சள் சட்டை அணிவான். 1937-ல் பார்த்தாலி அந்த மஞ்சள் சட்டையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, ஆல்ப்ஸ் மலையில் ஒரு பாலத்தில் தவறிக் குளிர்ந்த ஆற்றில் விழுந்தார். எழுந்து மேலும் சில நாள் ஓட்டினார். ஆனால் இத்தாலியச் சங்கத்தார் அவரை ஊருக்குத் திரும்பும்படி கட்டளையிட்டார்கள். மறு வருஷம், 1938-ல், அந்தப் பந்தயத்தை வென்றே திரும்பினார்.

அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி. வெற்றி பெறுகிற வீரர்கள் அந்த வெற்றியைச் சர்வாதிகாரியின் பாதத்தில் வைத்துப் பேச வேண்டும் என்பது எழுதாத சட்டம். பார்த்தாலி அப்படிப் பேசவில்லை. கூலிக்காரர் மகனுக்கு அந்த நாளில் அது சின்னக் காரியமல்ல.

அதே 1938-ம் வருஷம் மே மாதத்தில் ஹிட்லர் புளோரென்ஸ் பட்டணத்துக்கு வந்தபோது, அந்நகரத்து அதிமேற்றிராணியார் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா தம் அரண்மனை ஜன்னல்களை அடைத்து வைக்கச் சொன்னார். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாயிருக்க, அந்த ஒரு மாளிகை மட்டும் சாத்திக் கிடந்தது. இந்தக் கர்தினாலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1940-ம் வருஷம் நவம்பரில் பார்த்தாலிக்கும் அத்ரியானா பானி என்ற பெண்ணுக்கும் கலியாணம் மந்திரித்து வைத்தவர் இவரே.

அந்த 1940-ல் இன்னொரு சம்பவம். ஜீரோ பந்தயத்தில் பார்த்தாலியே தம் கோஷ்டிக்குத் தலைவர். அவருக்கு ஊழியம் செய்யச் சேர்க்கப்பட்ட 20 வயதுப் பையன் பௌஸ்தோ கோப்பி. கோஷ்டித் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுவருவதும், பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும், எதிர்காற்றில் முன்னே போய் மறைப்பதும் இப்படிப்பட்ட உதவிக்காரர்களின் வேலை. இரண்டாம் நாளிலேயே ஒரு நாய் குறுக்கே ஓடி, பார்த்தாலி விழுந்து அடிபட்டார். பந்தயம் பையனுக்குப் போயிற்று. தலைவர் உதவிக்காரர் ஆகிவிட்டார். மலைகளில் சோர்ந்துபோன கோப்பியை அதட்டியும் தேற்றியும் முன்னே தள்ளினார். கோப்பி வென்றது ஜூன் 9-ந் தேதி. மறுநாள் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது.

யுத்தத்தில் பார்த்தாலிக்குப் பட்டாளத்தில் கடிதம் சுமக்கும் வேலை கிடைத்தது. மோட்டார் சைக்கிளுக்குப் பதிலாகத் தம் சொந்தச் சைக்கிளிலேயே போக உத்தரவு வாங்கிக்கொண்டார். 1943-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி இத்தாலி நேச நாடுகளோடு சமாதானம் செய்துகொண்டதாக அறிவிக்கப்பட்டது. உடனே ஜெர்மானியப் பட்டாளம் வட இத்தாலியையும் நடு இத்தாலியையும் பிடித்துக்கொண்டது. அதுவரை உத்தியோகமும் படிப்பும் இழந்து அவமானப்பட்டிருந்த யூத ஜனங்களுக்கு இப்போது உயிருக்கே ஆபத்து வந்தது. பிடிபட்டவர்களை ரயில் வண்டிகளில் அடைத்துக் கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள்.

புளோரென்ஸில் யூதர்களின் ஒத்தாசைச் சங்கத்தாரும் ரப்பி நாத்தான் கஸ்ஸூத்தோவும் கர்தினால் தல்லா கோஸ்தாவை நாடினார்கள். கர்தினால் கன்னியர் மடங்களையும் குருமடங்களையும் திறந்துவிடச் சொன்னார். ஆனால் ஒளிந்திருந்தால் மட்டும் போதாது. ரேஷன் வாங்கவும், ரோட்டில் நடமாடவும், ரயில் ஏறவும் வேறு பெயரில் ஒரு அடையாளச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுகள் அச்சானது, அர்ச். பிரான்சிஸ்கு பிறந்த அசிசி நகரத்தில். அந்நகரத்து மேற்றிராணியார் நிக்கொலீனி ஆண்டவரும், புருனாச்சி சுவாமியாரும், நிக்காச்சி சுவாமியாரும் முன்நின்றார்கள். பிரித்ஸி என்னும் அச்சுக்கூடத்துத் தகப்பனும் மகனும் சொந்த உயிரைப் பணயம் வைத்து அச்சடித்தார்கள். ஆளின் படம் இங்கிருந்து அங்கே போக வேண்டும். முடிந்த சீட்டு அங்கிருந்து இங்கே வர வேண்டும். வழியெல்லாம் காவல் சாவடிகள். இடையிலுள்ள தூரம் நம் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகிற தூரத்தைவிட அதிகம்.

இவ்வளவு தூரம் சைக்கிளில் போவதற்கும் வருவதற்கும் சந்தேகப்படாத காரணம் யாருக்கு உண்டு? பந்தயங்கள் நின்றுபோயிருந்தாலும் தேகப்பயிற்சியை விடாத ஒரு பெரிய பந்தயக்காரனுக்குத்தான். பார்த்தாலி தம் பெயர் எழுதிய பந்தயச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவார். படங்களையும் காகிதங்களையும் சுருட்டி, சீட்டைக் கழற்றிப் பிரேமின் குழாய்க்குள் செருகி, மறுபடி சீட்டை முறுக்கிவிடுவார். ரிப்பேர் கடையில் கற்ற கை அல்லவா! சாவடியில் நிறுத்தினால் சிப்பாய்கள் அவரை அடையாளம் கண்டு பந்தயங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். சைக்கிளைத் தொட வந்தால், ஒவ்வொரு பாகமும் வேகத்துக்காக அளந்து பூட்டியிருக்கிறது, தொடவேண்டாம் என்று கேட்டுக்கொள்வாராம்.

இவையெல்லாம் ஆபத்தோடு விளையாடுவதாகும். தாம் பிடிபட்டால் கொலை நிச்சயம் என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டிலே கைக்குழந்தையும் மனைவியும் இருந்தார்கள். தாம் எங்கே போகிறார் என்பதை மனைவிக்கும் சொல்லவில்லை. அறியாதவளை எப்படி வதைத்தாலும் சொல்லத் தெரியாது அல்லவா! இவ்வளவும் போதாதென்று, தமக்குப் பழக்கமான கோல்டன்பர்க் என்னும் யூத குடும்பத்தாருக்குப் புளோரென்ஸில் தம் பொறுப்பிலுள்ள வீட்டில் இடங்கொடுத்து, பிறகு நிலவறையில் ஒளித்து வைத்தார்.

1944-ல் ஒரு நாள் அழைப்பு வந்தது. புளோரென்ஸில் வில்லா திரிஸ்தே, அதாவது துக்க மாளிகை, என்று ஜனங்கள் பெயரிட்ட வீடு ஒன்று இருந்தது. மாயோர் மாரியோ கரீத்தா என்பவன் அங்கே ஆட்களை வதைத்து விசாரிப்பான். கரீத்தா என்றால் இத்தாலிய பாஷையில் தேவசிநேகம் என்று அர்த்தமாகும். பெயருக்கும் ஆளுக்கும் அவ்வளவு தூரம்! பார்த்தாலியின் ஒத்தாசைக்கு நன்றி சொல்லி வத்திக்கானிலிருந்து வந்த கடிதங்கள் அவன் கையில் சிக்கியிருந்தன. ஆயுதம் அனுப்பினாயா என்று கேட்டான். ஏழைகளுக்கு அனுப்பிய மாவும் சர்க்கரையும் காப்பியும்தான் அது என்று பார்த்தாலி சாதித்தார். அது உண்மையே. சில நாள் அடைத்து வைத்து விட்டுவிட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் புளோரென்ஸ் விடுதலையானது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பார்த்தாலி எத்தனை முறை போனார், அவர் சுமந்த காகிதங்களால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். சில புஸ்தகங்களில் கூறும் பெரிய எண்களுக்கு ஆதாரம் போதாது என்பவர்களும் உண்டு. இவ்வளவு சந்தேகத்துக்கும் காரணம் பார்த்தாலியே. யுத்தம் முடிந்த பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல, சாகும்வரை. மகன் ஆந்திரேயாவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அதையும் வெளியில் சொல்லக்கூடாதென்று கண்டித்துவைத்தார். நாமோ கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வர இடமில்லாதபடி அதன் மேல் நம் குடும்பத்தார் பெயர்களையெல்லாம் எழுதி வைத்துவிடுகிறோம். பக்தியை எல்லார் கண்ணிலும் பட வைத்துக்கொண்ட அந்த மனிதர், தர்மத்தைக் குழாய்க்குள் சொருகி சீட்டை முறுக்கிவிட்டார்.

யுத்தம் அவருடைய நல்ல வயதைத் தின்றுவிட்டது. 1940-ல் 26 வயது. பெரும் பந்தயங்கள் திரும்பவும் நடந்தபோது 32. கிழவன் என்றே பத்திரிகைகள் எழுதின. ஆனால் 1946-ல் ஜீரோவைக் கோப்பியிடமிருந்து 47 விநாடியில் பறித்துக்கொண்டார். இந்தப் பந்தயத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. மலைப் பாதையில் கோப்பி ஒரு சீசாவைக் குடித்து எறிந்ததைப் பார்த்தார். ஏதோ மந்திர மருந்து என்று எண்ணி, பந்தயம் முடிந்த பின் அந்த மலைக்குத் திரும்பிப் போய்ப் புல்லில் துழாவி, சீசாவைக் கண்டெடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்தார். கடையில் எல்லாரும் வாங்குகிற சாதாரண டானிக் என்று தெரிந்தது. உடனே தமக்கும் ஒரு பெட்டி வரவழைத்தாராம்!

1947-ல் பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர், கத்தோலிக்க ஆண்கள் பெருங்கூட்டத்தில் பேசும்போது, பார்த்தாலியின் பெயரை எடுத்துச் சொல்லி, நீங்களும் ஞான ஜீவியமாகிய பந்தயத்தில் அப்படி ஓடுங்கள் என்னும் கருத்தில் போதித்தார். பாப்பரசர் ஒரு சைக்கிள்காரனைத் திருஷ்டாந்தம் காட்டியது அபூர்வமே.

இனி 1948. பார்த்தாலி முதல் முறை தூர் பந்தயத்தை வென்று பத்து வருஷமாகிவிட்டது. ஜூலை 14-ந் தேதி பந்தயக்காரர்களுக்கு ஓய்வு நாள். கடற்கரைப் பட்டணமாகிய கானில் தங்கியிருந்தார்கள். பிரஞ்சு வாலிபர் லூயிஸோன் பொபே மஞ்சள் சட்டையோடு முன்னே இருந்தார். பார்த்தாலி 21 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். இத்தாலியப் பத்திரிகைக்காரர்களில் பலர் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அதே நாள் ரோமாபுரியில், பார்லிமெண்டை விட்டு வெளியே வந்த கம்யூனிஸ்டுத் தலைவர் தொல்யாத்தியை ஒரு மாணவன் துப்பாக்கியால் சுட்டான். தேசமே கொந்தளித்தது. வேலை நிறுத்தம், ஆலைகளைப் பிடித்துக்கொண்டார்கள், தெருச் சண்டையில் உயிர்கள் போயின. மூன்று வருஷத்துக்கு முன் யுத்தம் முடிந்த நாட்டில் பலர் கையில் இன்னும் ஆயுதம் இருந்தது. உள்நாட்டு யுத்தம் வந்துவிடுமோ என்று எல்லாரும் பயந்தார்கள். அன்று சாயந்தரம் பிரதம மந்திரி தெ காஸ்பெரி, பழைய நண்பராகிய பார்த்தாலியை டெலிபோனில் கூப்பிட்டு, எப்படியாவது வெல்லப் பாருங்கள், அது தேசத்துக்கு உதவியாயிருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பாதை 274 கிலோமீட்டர். அல்லோஸ், வார், இஸோவார் என்று மூன்று மலைக் கணவாய்கள். இஸோவார் நம் ஊட்டியைவிட உயரம். குளிரும் மழையும் சேறும். பார்த்தாலி தனியே பிரிந்து போய், மற்றவர்களுக்கு ஆறு நிமிஷத்துக்கு முன் பிரியான்ஸோன் ஊரில் புகுந்தார். 21 நிமிஷக் கடன் ஒரே நாளில் ஒரு நிமிஷம் சொச்சமாகக் குறைந்தது. அடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த ஓட்டமும் அவருக்கே. அன்று அவருக்கு 34 வயது நிறைந்தது. பாரீஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது, இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் 26 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம். முதல் வெற்றிக்கும் இரண்டாவதுக்கும் பத்து வருஷ இடைவெளி. வேறெவரும் இதுவரை அப்படி வென்றதில்லை.

இத்தாலியில் தெருச் சண்டை போட்டவர்கள் ரேடியோப் பெட்டியைச் சுற்றி நின்று ஒன்றாகக் கைதட்டினார்கள் என்று சொல்வார்கள். சைக்கிள் பந்தயம்தான் உள்நாட்டு யுத்தத்தைத் தடுத்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. நமக்கு அது சற்று மிகையாகவே தோன்றுகிறது. தொல்யாத்தி பிழைத்துக்கொண்டார், குண்டடிபட்டுக் கிடந்தபோதும் தம் ஆட்களை அமைதியாயிருக்கச் சொன்னார். அந்த வார்த்தை பெரிதா, இந்த வெற்றி பெரிதா என்று நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. பார்த்தாலி தாமும் அப்படிப் பெருமை பாராட்டவில்லை.

பிறகு கோப்பியின் காலம். 1949-ல் ஜீரோவையும் தூரையும் அவரே வென்றார். ஜீரோவில் கூனியோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து மலைகளைத் தனியே தாண்டிப் போய், பார்த்தாலியை ஏறக்குறைய 12 நிமிஷம் பின்னால் விட்டார். இத்தாலி இரண்டாகப் பிரிந்திருந்தது. கிராமத்தார், வயதானவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்தாலி கட்சி. பட்டணத்தார், வாலிபர், புது மோஸ்தர்க்காரர் கோப்பி கட்சி. ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் இதற்காகப் பேசாமலிருந்தார்கள். நம் நாட்டில் சினிமா நடிகர்களுக்காக அடித்துக்கொள்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இரண்டு பேருக்குள்ளேயும் சிநேகம் இல்லாமற்போகவில்லை. இருவரும் தம்பியைப் பந்தயத்தில் பறிகொடுத்தவர்கள்: கோப்பியின் தம்பி செர்ஸே 1951-ல் பந்தயத்தில் விழுந்து இறந்தார். 1949 தூர் பந்தயத்தில், பார்த்தாலியின் 35-வது பிறந்த நாளில், இருவரும் மலையில் தனித்துப் போகையில், அன்றைய ஓட்டத்தைக் கோப்பி பெரியவருக்கு விட்டுக்கொடுத்தார்.

1952 தூர் பந்தயத்தில் எடுத்த படம் ஒன்று உலகமெல்லாம் பரவியது. ஏற்றத்தில் ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர்ச் சீசாவைக் கொடுக்கிறார். கொடுக்கிறது யார், வாங்குகிறது யார் என்று பார்த்தால் தெரியாது. இரு கட்சிக்காரர்களும் தங்கள் ஆளே கொடுத்தவர் என்று அரை நூற்றாண்டு சண்டை பிடித்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்த காரியம் இப்படி வழக்காகிப்போனது!

எல்லாச் சைக்கிள்காரர்களும் சாதுக்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 1950 தூர் பந்தயத்தில் ஆஸ்பேன் மலையில் வேடிக்கை பார்த்த பிரஞ்சு ஜனங்கள் சிலர், தங்கள் வீரன் விழுந்ததற்குப் பார்த்தாலியே காரணம் என்று அவரைத் தாக்கினார்கள். ஒருவன் கத்தி காட்டினான் என்றார் பார்த்தாலி. அவன் இறைச்சிப் பலகாரம் அறுத்துக்கொண்டிருந்தவன் என்றார் பொபே. எப்படியாயினும் அவர் மறுபடி ஏறி அன்றைய ஓட்டத்தை வென்றார். வென்ற கையோடு இத்தாலியக் கோஷ்டி முழுவதையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அவருடைய கோஷ்டியைச் சேர்ந்த மாஞி அன்றுதான் மஞ்சள் சட்டை பெற்றிருந்தார். அந்த வாலிபருக்கு இது நியாயமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. பார்த்தாலி எளிதில் வளைகிற சுபாவமுள்ளவரல்ல. முணுமுணுப்பதிலும் பெயர் பெற்றவர்.

1954-ல், 40-வது வயதில், பந்தயத்தை விட்டார். 1959-ம் வருஷக் கடைசியில் தம்முடைய பொறுப்பிலிருந்த கோஷ்டியில் கோப்பியைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பழைய தலைவரும் பழைய உதவிக்காரரும் மறுபடி ஒரே சட்டையில் சேரப்போகிறார்கள் என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள். கோப்பி ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்பியபோது மலேரியாக் காய்ச்சலைக் கொண்டுவந்தார். வைத்தியர்கள் வியாதியைத் தெரிந்துகொள்ளவில்லை. 1960-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி, 40 வயதில் இறந்தார்.

பார்த்தாலி மேலும் 40 வருஷம் ஜீவித்தார். 2000-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி புளோரென்ஸில் மரித்தபோது வயது 85. கார்மேல் சபை உடை உடுத்தி, ஆடம்பரமில்லாமல், தம்பி அடங்கிய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பின்புதான் குழாய்க்குள் இருந்தது வெளியே வந்தது. பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். 2005-ல் இத்தாலிய ஜனாதிபதி அவர் பேரால் தங்கப் பதக்கம் கொடுக்க, விதவையாகிய அத்ரியானா வாங்கிக்கொண்டார். நிலவறையில் ஒளிந்திருந்த கோல்டன்பர்க் வீட்டுச் சிறுவன், இஸ்ராயேல் தேசத்தில் முதியவராயிருந்து, 2010-ல் சாட்சி சொன்னார். எருசலேமில் யூதர்களின் நினைவு ஸ்தாபனமாகிய யாத் வஷேம், யூதர்களைக் காத்த பிறமதத்தாருக்குக் கொடுக்கும் நீதிமான் பட்டத்தைக் கர்தினால் தல்லா கோஸ்தாவுக்கு 2012-லும் பார்த்தாலிக்கு 2013-லும் அளித்தது. 2018-ல் ஜீரோ பந்தயம் எருசலேமிலேயே தொடங்கியது. அப்போதும் அவர் பேர் நினைக்கப்பட்டது.

வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, மலையுச்சியில், கிசல்லோ மாதா கோயில் என்று சிறிய கோயில் இருக்கிறது. 1948-ல் பாப்பரசர் மந்திரித்த ஒரு விளக்கை ரோமாபுரியிலிருந்து சைக்கிள்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றி அங்கே கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களில் பார்த்தாலியும் கோப்பியும் இருந்தார்கள். மறு வருஷம் அக்டோபரில் 12-ம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவர் நிறைய சைக்கிள்கள். 1995-ல் பிரான்சு மலையில் விழுந்து இறந்த காஸார்தெல்லி என்னும் வாலிபருடைய நசுங்கிய சைக்கிளும் அங்கே இருக்கிறது. பார்த்தாலியின் சைக்கிளும் கோப்பியின் சைக்கிளும் அங்கேதான். பந்தயக்காரர்கள் அந்த மேடு ஏறி வருகையில் கோயில் மணி அடிப்பார்கள்.